கூழின் புளிப்பை நாமே அமைத்துக்கொள்வது

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேழ்வரகுக் கூழ் குடிக்காமல் வளர்ந்தவர்கள் குறைவு என்பதால், கூழ் என்றால் என்னவென்று நான் விளக்கப் போவதில்லை. அந்தக் கூழைத் தங்கள் நாக்குக்கும் பருவத்துக்கும் ஏற்றவாறு ஒவ்வொருவரும் எப்படி அமைத்துக்கொள்வது என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

நான் திருமணமாகிப் பென்னாகரம் பக்கம் வந்த முதல் மார்கழியில், மாமியார் ஊருக்குப் போயிருந்த ஓர் இரவு, மாவைக் கரைத்தபோதே உப்பையும் அள்ளிப் போட்டுவிட்டேன். காலையில் சட்டியைத் திறந்தால், மாவு அடியில் இறுகிக் கிடந்தது. மேலே தெளிந்த தண்ணீர். ஒரு குமிழிகூட இல்லை. முகர்ந்தால் பச்சை மாவு வாசனைதான். வேறு வழியில்லாமல் அதையே நொய்யோடு சேர்த்துக் கிண்டி, ஆற்றி, புளிப்புக்காக மோரைத் தாராளமாக ஊற்றி, பதினோரு மணிக்கு வயலுக்குக் கொண்டுபோனேன். மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, “மோர் நல்லா இருக்குதும்மா, கூழ் எங்கே?” என்று கேட்டார்.

மறுநாள் திரும்பி வந்த மாமியார் சிரித்தபடி, “உப்பு புளிப்பைக் கட்டிப் போட்டுடும், குடிக்கிறப்பப் போட்டாப் போதும்” என்று சொன்னார். மாவைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பதும், உப்பும் குளிரும் அவற்றின் வேகத்தைக் குறைக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சித்திரையில் ஓர் இரவில் வரும் புளிப்பு, தேன்கனிக்கோட்டைக் குளிரில் ஒன்றரை நாளானாலும் வராமல் போகலாம். ஆகவே கடிகாரத்தை நம்பாதீர்கள்; மூக்கை நம்புங்கள்.

புளிப்பு மட்டும் இருந்தால் கூழ் காடியாகிவிடும். அதற்கு எதிராக நிற்க ஓர் இனிப்பு வேண்டும். மேல்நாடுகளில் பியர் காய்ச்சுகிறவர்கள், முளைகட்டிய வாற்கோதுமையின் இனிப்பை ஹாப்ஸ் பூவின் கசப்பால் ஈடுகட்டுகிறார்கள். நேபாளத்திலும் சிக்கிமிலும் நம் கேழ்வரகையே நொதிக்க வைத்து மதுவாக்குகிறார்கள். வீட்டில் அப்படிக் காய்ச்ச நம் மாநிலச் சட்டம் இடம் தராது; கூழுக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் கூழில் புளிப்புக்கு எதிர்நிற்பது முளைகட்டிய கேழ்வரகு மாவு.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் உலர்த்தி, முளையைத் தேய்த்துப் புடைத்து அரைத்துக்கொள்ள வேண்டும். கரண்டியை நட்டால் நிற்கும் பதத்தில் இருக்கும் கூழைச் சற்று ஆறவிட்டு, கை பொறுக்காத சூடு இருக்கும்போதே ஒரு கரண்டி முளைமாவைக் கலக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் கரண்டி சாய்ந்துவிடும். நாக்கில் இலேசான தித்திப்புத் தட்டும். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால் நேர்வது இது. பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். முளைகட்டிய தானியத்தைக் கருக வறுத்துவிட்டால் இந்த வித்தை நடக்காது. மணத்துக்காகச் சிவக்க வறுத்து நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு டம்ளர் மாவுக்குக் கால் டம்ளர் நொய் என்று தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நொய்யையும் முளைமாவையும் புளிக்கும் நேரத்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எழுதி வைக்கிறேன். தேதியும் அதிலேயே இருந்துவிடுகிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு மிகுதி. கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதையே எடுத்து, குளோரின் வாடை அடங்கும்வரை திறந்து வைத்துவிட்டு, மாவு கரையுங்கள்.

கம்மங்கூழைப் பற்றியும் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், மாங்காய் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப் போகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கம்பு மாவு கேழ்வரகு மாவைவிட விரைவில் சிக்கு வாடை பிடித்துவிடும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.