கொலைகாரன் யாரென்று சொல்லிவிடாதீர்கள்

(நூலக வார விழாவில், ஒரு கிளை நூலகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இன்றைக்கு இது நாலாவது மேடை என்றாலும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்தக் கூடத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த பெரும்புரவலர் அவர்களே (அந்த விசிறி என் குறிப்புத்தாளையே குறிவைத்துச் சுற்றுகிறது, இருக்கட்டும், அதுவும் அவர் அன்புதான்), எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை இரவல் வாங்கிக்கொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் எல்லார் பெயரையும் சொல்லித் தன் பெயரை மட்டும் விட்டுவிட்ட கிளை நூலகர் அம்மா அவர்களே, எப்போது முடியும் என்று பின்வரிசையில் கடிகாரம் பார்க்கும் பதினொன்றாம் வகுப்புச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் நன்றியுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு, மர்ம நாவல், அறிவியல் புனைகதை, மாயக்கதை இவற்றில் யாருக்கு எதைக் கொடுப்பது என்பது. மூன்று செய்திகள் சொல்கிறேன். ஒன்று, வாசகரிடம் என்ன கேட்பது. இரண்டு, எதை முதலில் கொடுப்பது, எதைப் பிறகு கொடுப்பது. மூன்று, மொழிபெயர்ப்பு.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். அந்தப் பழமொழிக்குக் கோத்திரம் அறிந்து பெண் கொடு என்று இன்னொரு பாதியும் உண்டு. அது நமக்கு வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும். முதல் பாதி நூலகத்துக்கென்றே சொன்னது. சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931ல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பவை அதில் இரண்டு. உலகமே அதைப் படிக்கிறது. நம் பாட்டிமார் அதை மூன்று சொல்லில் முடித்துவிட்டார்கள்.

ஒருவர் வந்து, 'நல்ல நாவலா ஒண்ணு குடுங்க' என்கிறார். உங்களுக்கு எந்த வகை பிடிக்கும் என்று கேட்கவே கூடாது. எதுவானாலும் சரி என்பார். எதுவானாலும் சரி என்பவருக்கு எதுவும் சரிப்படாது. இப்படிக் கேளுங்கள்: கடைசியாக ஒரே மூச்சில் முடித்தது எது? பாதியில் மூடியது எது, எத்தனையாவது பக்கத்தில்? எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள்?

பத்தாம் பக்கத்தில் மூடியவரைப் பெரும்பாலும் பெயர்கள் குழப்பியிருக்கும். ரஷ்யப் பெயரோ ஜப்பானியப் பெயரோ நாலு சேர்ந்தாற்போல் வந்தால் மனிதர் என்ன செய்வார்? அவருக்குப் பாத்திரங்கள் குறைந்த நாவலாகப் பார்த்துக் கொடுங்கள். நூறாம் பக்கத்தில் மூடியவருக்குக் கதையே பிடிக்கவில்லை. அந்த வகையையே மாற்றுங்கள். எங்கே படிப்பீர்கள் என்பதும் விளையாட்டுக் கேள்வி அல்ல. தினம் நாற்பது நிமிடம் பேருந்தில் போய்வருகிறவருக்கு அடிக்கடி இறங்க ஒரு நிறுத்தம் வேண்டும். 1892ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைத் தொகுப்பில் பன்னிரண்டு கதைகள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. இரவுக் காவல் பார்ப்பவருக்கு அது பத்தாது, விடியும் வரை தாங்குகிற தடிப்புத்தகம் வேண்டும்.

ஹோம்ஸ் என்றதும் முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டைத்தான் (1887) முதலில் கொடுக்கிறார்கள். வரிசைப்படி சரி, வாசகப்படி தப்பு. அந்த நாவலில் பாதி வழியில் லண்டன் மறைந்துபோய், அமெரிக்காவின் யூட்டா பாலைவனம் வந்துவிடும். ஹோம்ஸும் இல்லை, அவர் நண்பர் வாட்சனும் இல்லை. பைண்டிங்கில் வேறு புத்தகத்தின் பக்கங்கள் சேர்ந்துவிட்டன என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். சிறுகதையில் தொடங்கி, ஹோம்ஸ் மீது ஒரு பாசம் வந்த பிறகு அதைக் கொடுங்கள், பொறுத்துக்கொள்வார்கள்.

அகதா கிறிஸ்டிக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். முதல் உலகப் போரில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த அம்மையார் அவர். 1920ல் வந்த முதல் நாவலிலேயே விஷத்தின் குணம் அத்தனை துல்லியம். 1926ல் வந்த 'ரோஜர் ஆக்ராய்ட்' நாவலை மட்டும் முதலில் கொடுத்துவிடாதீர்கள். கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ வரும் கதை இரண்டு மூன்று படித்து, 'இவங்க ஆட்டம் எனக்குத் தெரியும்' என்று வாசகர் கொஞ்சம் தெனாவெட்டாக வரும்போது கொடுக்க வேண்டிய புத்தகம் அது. ஏன் என்று சொல்ல மாட்டேன். முடிவில் ஒரு திருப்பம் இருக்கிறது என்றுகூடச் சொல்லாதீர்கள். சொன்னால் முதல் பக்கத்திலிருந்தே திருப்பத்தைத் தேடுவார். தேடுகிறவர் கதை படிப்பதில்லை, கணக்குப் போடுகிறார். முதன்முதலாகக் கிறிஸ்டி படிப்பவருக்கு 1939ல் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்'. பத்துப் பேர், ஒரு தீவு; துப்பறிவாளரின் தொல்லை கிடையாது. பொய்ரோவின் கடைசி வழக்கு 'கர்ட்டன்'. எழுதியது இரண்டாம் உலகப் போர் காலத்தில், வெளிவந்தது 1975ல். அது கடைசியில்தான்.

ஜப்பானின் கெய்கோ ஹிகாஷினோ எழுதிய 'சஸ்பெக்ட் எக்ஸ்' (2005) வேறு ரகம். யார் கொன்றது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். 'இதுல என்ன மர்மம் இருக்கு?' என்று இரண்டாம் நாளே திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: இங்கே கேள்வி யார் என்பதல்ல, எப்படித் தப்பிப்பார்கள் என்பது. பாத்திரம் அறிந்தால் போதாது, பிச்சையின் குணத்தையும் அறிய வேண்டும்.

தமிழில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' குமுதத்தில் வந்தது 1968ல். துப்பறியும் வக்கீல் கணேஷ் இருக்கிறார், அவருடைய உதவியாளர் வசந்த்தைத் தேடாதீர்கள், அவர் பின்னால் வந்து சேர்ந்தவர். ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் எழுதியிருக்கிறார். எதில் தொடங்குவது என்று பயப்பட வேண்டாம், எதிலும் தொடங்கலாம். ஒரே ஒரு கோரிக்கை. மூன்றாம் பக்க மூலையில் பென்சிலால் 'கொலைகாரன் டிரைவர்' என்று எழுதிவைக்கும் அன்பர் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். ஐயா, அதுவும் ஒரு கொலைதான். (சிரிப்பு)

இனி மாயக்கதை. இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும், தலைவர் பொறுத்தருள வேண்டும். ஆக்ஸ்போர்டில் ஒரு பேராசிரியர், டோல்கீன். கோடை விடுமுறை. சம்பளம் போதாமல் பள்ளித் தேர்வுத் தாள் திருத்துகிறார். தாள் திருத்தும் கஷ்டம் தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தெரியும். ஒரு புண்ணியவான் ஒரு பக்கத்தை ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறான். நாமாக இருந்தால் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்போம். பேராசிரியர், வளைக்குள் வாழும் ஒரு பிறவியைப் பற்றி அதில் ஒற்றை வரி எழுதினார். ஹாபிட் என்று அதற்கு ஒரு பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. அந்த வரியிலிருந்து கதை வளர்ந்தது. தட்டச்சுப் பிரதி கைமாறிக் கைமாறி லண்டனில் ஒரு பதிப்பகத்துக்குப் போனது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் படித்த மனிதர், அனுபவஸ்தர். அவர் என்ன செய்தார்? குழு போட்டாரா? வல்லுநர் அறிக்கை கேட்டாரா? வீட்டில் இருந்த மகனைக் கூப்பிட்டார். ரெய்னர், வயது பத்து. 'இந்தா, படிச்சு எழுதிக் குடு. கூலி ஒரு ஷில்லிங்.' பையன் படித்தான், எழுதினான். என்ன எழுதினான்? வரைபடம் போட்டால் படம் வேண்டாம், கதை நன்றாக இருக்கிறது, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கவனியுங்கள், அவனுக்கு வயது பத்து! தான் பெரியவன், இது சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று தீர்ப்பு. (சிரிப்பு, கைதட்டல்) 1937 செப்டம்பரில் புத்தகம் வந்தது. முதல் அச்சு 1500 பிரதிகள், டிசம்பருக்குள் தீர்ந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. வாசகர்கள் இன்னும் கேட்டார்கள். பேராசிரியர் எழுதினார், எழுதினார், பன்னிரண்டு வருடத்துக்கு மேல் எழுதினார். வந்து நின்றது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', தலையணை கனம். அதற்குள் அந்தப் பையன் வளர்ந்து அதே பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வெளிநாடு போயிருந்த அப்பாவுக்கு எழுதுகிறான்: இது மேதையின் படைப்பு, ஆனால் ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம். அப்பா சரி என்றார். 1954, 55ல் மூன்று பாகமாக வந்தது. நஷ்டம் வந்ததா இல்லையா என்பது பின்வரிசைச் செல்வங்களுக்குத் தெரியும். ஒரு ஷில்லிங் கூலி வாங்கிய பையன்! அன்வினுக்குத் தான் அந்தப் பாத்திரம் அல்ல என்று தெரிந்தது. பாத்திரத்தையே கூப்பிட்டுக் கேட்டார். நம் நூலகங்களில் புத்தகம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பத்து வயதுப் பையன் எங்கே? பதினாறு வயதுப் பெண் எங்கே? அலுவலர் அவர்கள் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். நன்றி.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்தவருக்குத் தடிமன் பயம் போய்விட்டது. டோல்கீனைத் தைரியமாகக் கொடுங்கள். முதல் நூறு பக்கம் மெதுவாகப் போகும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். தடிமனைக் கண்டு ஒதுங்குபவருக்கு அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசையில் முதல் நாவல் (1968), மெல்லிய புத்தகம்.

அறிவியல் புனைகதைக்கு வருவோம். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையில் நூல் பின்னால் போடும் பட்டியல்கள் கதையின் காலத்தை வைத்து 1988ல் எழுதியதை முதலில் போடும். நம்பாதீர்கள். 1951, 52, 53ல் வந்த மூன்றும் முதலில். பின்னால் எழுதியது முன்னால் எழுதியவற்றின் ரகசியத்தைப் போட்டு உடைக்கும். பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) இருபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய நாவல். கடைசியில் போட்டவர்கள் கார் பழுதுபார்க்கும் கையேடுகள் வெளியிடும் நிறுவனத்தார். அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு சொல்லகராதி இருக்கிறது. அங்கே ஒரு நூல்கயிற்றை அடையாளமாக வைத்துக் கொடுங்கள். முதல் ஐம்பது பக்கத்தில் வாசகர் அங்கே இருபது முறையாவது போய்வர வேண்டியிருக்கும். அகராதி இருப்பது தெரியாமல் மூடியவர்கள்தான் அதிகம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் பின் 'மீண்டும் ஜீனோ'. இந்த வரிசை மாறக் கூடாது.

இத்தனையும் சொன்னேன். இந்த நூலகத்தில் இவற்றை எப்படித் தேடுவீர்கள்? தமிழ் நாவல் எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரே பகுப்பு எண், 894.8113. குடும்ப நாவலும் அதுதான், கொலை நாவலும் அதுதான், விண்வெளியும் அதுதான். எண்ணில் தவறில்லை. ஆனால் பாத்திரம் ஏந்தி வருகிறவர் அரிசி எங்கே, உப்பு எங்கே என்று பார்க்க வேண்டாமா? ஆகவே ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இந்த மூன்று வகைக்கும் தனி அலமாரி வேண்டும். இதைத்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம், சலுகை கேட்கவில்லை.

அலமாரி வாசலுக்குப் பக்கம், கண் மட்டத்தில் இருக்கட்டும். அடித்தட்டில் வைத்தால் துடைப்பம்தான் படிக்கும். மர்மத்துக்குக் கறுப்பு, அறிவியலுக்கு நீலம், மாயத்துக்குப் பச்சை என்று முதுகில் ஓர் அங்குலப் பட்டை, எண்ணுக்கு மேலே. செல்லோ டேப் வேண்டாம். இரண்டு கோடையில் மஞ்சளாகி உதிர்ந்து, எண்ணையும் உரித்துக்கொண்டு போகும். பைண்டிங் துணியை வெட்டி மைதாப் பசையால் ஒட்டுங்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் சிட்டிகை மயில்துத்தம். அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம் (கிறிஸ்டி அம்மையார் இருந்திருந்தால் இதிலேயே ஒரு நாவல் எழுதியிருப்பார்). தொடர் நாவல் என்றால் பட்டை மேலேயே 1, 2, 3 என்று வெள்ளை மையில் எழுதிவிடுங்கள். வரிசைச் சண்டை தீர்ந்தது.

பாக்கெட் நாவல்களை ஒதுக்காதீர்கள். முதுகு மெலிசு, எண் ஒட்ட இடமில்லை என்பார்கள். ஓர் எழுத்தாளரின் ஐந்து நாவலை ஒன்றாகத் தைத்து அட்டை போட்டால் முதுகு வந்துவிடும். ஓரத்தில் துளை போட்டுத் தைக்கச் சொல்லாதீர்கள். உட்பக்க எழுத்து மடிப்புக்குள் போய்விடும். வெளி ஓரத்தை அரிவதற்கு முன் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். அந்தத் தாளில் கடைசி வரி ஓரம்வரை அச்சாகியிருக்கும். கத்தி கொஞ்சம் உள்ளே போனால் கொலைகாரனின் பெயரே போய்விடும்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். 'இன்னும் இரண்டு நிமிடம்' என்று எழுதியிருக்கிறது, கையெழுத்து அழகு. மொழிபெயர்ப்பு பற்றி வந்தவுடன் சொன்னேனே, அது அப்படியே நிற்கிறது. மன்னியுங்கள்.

வாசல் பக்கத்து மேசையில் தனி அலமாரிக்கான மனு இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது உறுப்பினர் எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாத கையெழுத்தைப் போன முறை அலுவலகத்தில் தனியே ஒதுக்கிவிட்டார்கள். உறுப்பினர் ஆகாதவர்கள் நூலகர் அம்மாவிடம் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு பிறகு வரிசையில் நில்லுங்கள். பின்வரிசைச் செல்வங்கள் முதலில் வரட்டும். வணக்கம்.