தேதி ஒன்று, நாள் வேறு

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். 1616-இல் இதே தேதியில் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிசும் மறைந்தார்கள் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் யுனெஸ்கோ 1995-இல் இந்நாளைத் தேர்ந்தெடுத்தது. இருவரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள் என்று இன்று பல மேடைகளில் சொல்வார்கள். அது சரியல்ல.

ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அங்கே அக்டோபர் 4 வியாழன். விடிந்தால் அக்டோபர் 15 வெள்ளி. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தது. 1616-இல் இரண்டுக்கும் இடைவெளி 10 நாள். 23-உடன் 10 கூட்டினால் 33. ஏப்ரலின் 30 போக மே 3. ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினின் மாட்ரிட்டில் மே 3. கிழமை மட்டும் இரு ஊரிலும் செவ்வாய்தான். பழைய குறிப்பில் கிழமையும் இருந்தால் விடாதீர்கள்; எந்த நாட்காட்டி என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

செர்வாண்டிஸ் விஷயத்தில் இன்னொரு பிசகு. மாட்ரிட் தேவாலயப் பதிவேட்டில் உள்ள 23 அடக்கம் செய்த தேதி. உயிர் பிரிந்தது 22 என்பதே ஆய்வாளர் கணிப்பு. ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23 என்கிறோமே, அதற்கும் பதிவு கிடையாது. 1564 ஏப்ரல் 26-இல் ஞானஸ்நானம் பெற்றார் என்பதே பதிவு.

இடைவெளி எப்போதும் பத்தல்ல. 1700, 1800, 1900 ஆகியவை ஜூலியனில் லீப் ஆண்டுகள், கிரிகோரியனில் அல்ல. அதனால் அந்தந்த ஆண்டின் பிப்ரவரி கடந்ததும் 11, 12, 13 என்று ஏறும். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி 1917 அக்டோபர் 25. 13 கூட்டினால் நவம்பர் 7. நூலாசிரியர் ஏற்கெனவே கூட்டியிருந்தால், தெரியாமல் நாமும் ஒருமுறை கூட்டிவிடுவோம். முன்னுரையைப் பார்த்துவிட்டுக் கணக்கில் இறங்குங்கள்.

சத்யஜித் ராய் 1992-இல் இதே ஏப்ரல் 23-இல் மறைந்தார். அங்கே இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

நம் பாரதிக்கு உண்டு, வேறு காரணத்தால். 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்துதான் அவர் உயிர் பிரிந்தது. விடிந்தால்தான் மறுநாள் என்பது நம் வழக்கு, அதன்படி 11. கடிகாரப்படி 12. அவர் நினைவு நாளைச் சொல்லும்போது, நள்ளிரவுக்குப் பிறகு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வணக்கம்.