இன்வர் என்றால் கூடுமிடம்

நண்பர்களே, வணக்கம். ஸ்காட்லாந்தின் மிக நீளமான ஆறு டே. அதன் கரையில் இருக்கும் ஒரே ஒரு சிற்றூரின் பெயரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன், ஆனால் இந்தப் பெயர்கள் அப்படி விடாது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும்.

ஊர் பெயர் இன்வர். ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கின் சொல். சிற்றாறு பேராற்றில் கூடுமிடம், அல்லது ஆறு கடலைச் சேரும் முகத்துவாரம். பிரான் ஆறு டேயில் கலக்கும் இடத்தில் ஊர் இருக்கிறது, வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இன்வர்னெஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவும் நெஸ் ஆற்றின் முகத்துவாரம்தான். ‘ஸ்ட்ராத்’ என்றால் அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு, ‘க்ளென்’ என்றால் குறுகலானது. வரைபடத்தைப் பிரிக்காமலே ஆறு என்ன செய்கிறது என்று பெயர் சொல்லிவிடும்.

சரி, இன்னும் மேலே போனால் அபர்ஃபெல்டி. ‘அபர்’ கேலிக்குக்கும் முந்தியது, அங்கே வாழ்ந்த பிக்ட் மக்களின் சொல், பொருள் அதே கூடல். மீதிப் பாதி பியாலி என்ற நீர்ப்பூதத்தின் பெயர், ஓடையோரம் திரிந்ததாம். 1787-இல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அங்குள்ள அருவிக்கு வந்து, ‘அபர்ஃபெல்டியின் பிர்ச் மரங்கள்’ என்று ஒரு பாட்டு எழுதினார். வேடிக்கை என்னவென்றால் மெட்டு ஏற்கெனவே இருந்தது, டீ ஆற்றங்கரையில் உள்ள அபர்கெல்டியைப் பற்றிய பழைய பாட்டின் மெட்டு. டீ ஆற்றுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் நியாயம்தான்! ஆனால் பாருங்கள், கேலிக்கில் ஒரு வார்த்தை தெரியாதவர்கூட இன்று அந்தப் பாட்டைப் பாடும்போது பூதத்தின் பெயரைச் சேர்த்தே பாடுகிறார். மொழி போன இடத்திலும் மெட்டு பெயரைப் பிடித்துவைத்திருக்கிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அதே பயணத்தில் பர்ன்ஸ் டன்கெல்டில் ஒரு பிடில்காரரைச் சந்தித்தார். பெயர் நீல் கவ், 1727 முதல் 1807 வரை வாழ்ந்தவர், வீடு நாம் தொடங்கிய அதே இன்வரில். ‘கவ்’ என்றால் கேலிக்கில் கொல்லன். டே கரையில் ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து மெட்டமைத்தார் என்று ஊரில் சொல்வார்கள், மரம் இன்னும் அவர் பெயரில்தான் நிற்கிறது. அவர் புகழ்பெற்றது ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடன இசையில், அந்தப் பெயரே ஸ்பே ஆற்றின் பள்ளத்தாக்குதான்! குறில் முன்னால், நெடில் பின்னால், சுண்டி இழுத்தமாதிரி ஒரு வெட்டு. ஒருமுறை கேட்டால் கால் சும்மா இருக்காது.

2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் கேலிக் ஓரளவாவது தெரிந்தவர்கள் 2.5 சதவீதம். இரு மொழிப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் பலகையைக் கடந்து கார் போய்விடுகிறது. பிட்லாக்ரி என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘பிட்’ பிக்ட் மக்களின் சொல், கேலிக் பேசியவர்கள் தங்கள் பேச்சில் மட்டும் அதை எடுத்துவிட்டு ‘பாலே’ என்று ஊருக்கான தங்கள் சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். இதைப் பலகை விளக்குமா? என்னைக் கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை இன்வருக்குக் கூட்டிப்போய், இரண்டு தண்ணீரும் கலக்கும் இடத்தில் நிறுத்தி, ஊர் பெயரை உரக்கச் சொல்லவைத்து, அப்புறம் ஒருவர் நீல் கவ்வின் ஸ்ட்ராத்ஸ்பே ஒன்றை வாசிக்க வேண்டும். பத்து நிமிஷம் போதும்.