டிரெமான்ட் தெருவின் அடியில் நுழைந்த டிராம்

தலைவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே,

1895ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அதே ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தெருவில் ஓடிக்கொண்டிருந்த டிராமைத் தரைக்கு அடியில் இறக்குவதற்காகப் பள்ளம் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். நம் ஊர் டிராம் 1953இல் நின்றுபோனது. பாஸ்டன் டிராமோ அன்று தோண்டிய சுரங்கத்திலேயே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'கிரீன் லைன்' என்று இன்று வழங்கும் அந்தத் தடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பாஸ்டனில் குதிரைகள் இழுத்த டிராம்களை மாற்றி மின்சார வண்டிகளை 1889இல் விட்டார்கள். வண்டிகள் பெருகின, நகரின் நடுவிலுள்ள டிரெமான்ட் தெரு மட்டும் அகலாமல் அப்படியே இருந்தது. ஒரு வண்டியின் மூக்கில் அடுத்த வண்டி முட்டி நிற்கும் அந்த நெரிசலைப் பார்த்து, வண்டிக் கூரைகளின் மேலேயே நடந்து தெருவின் கோடிக்குப் போய்விடலாம் என்று ஊரார் கேலி பேசினார்கள். தெருவை அகலப்படுத்தலாமே என்றால், ஒரு பக்கம் கடைகளும் கட்டடங்களும், மறுபக்கம் 1634 முதல் பொதுநிலமாக இருந்துவரும் 'காமன்' என்னும் பெரும்புல்வெளி. அதில் ஓர் அடி நிலத்தையும் விட்டுக்கொடுக்க ஊர் ஒப்பவில்லை. எஞ்சியது மண்ணுக்கு அடியில் இருந்த இடம்தான். 1894இல் அதற்கென ஓர் ஆணையம் அமைந்தது. ஹோவர்ட் கார்சன் தலைமைப் பொறியாளரானார். பொதுப் பணத்தில் சுரங்கத்தைக் கட்டி, வண்டி ஓட்டும் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவது ஏற்பாடு.

மேலிருந்து தெருவை வெட்டித் திறந்து, சுவரும் கூரையும் எழுப்பி, மீண்டும் மண்ணிட்டு மூடும் முறையில் வேலை நடந்தது. காமனின் ஓரத்தில் இருந்த பழைய இடுகாட்டின் விளிம்பைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றைத் திரட்டி மறுபடி அடக்கம் செய்தார்கள். 1897 மார்ச் 4 அன்று, பாயில்ஸ்டன் தெருவும் டிரெமான்ட் தெருவும் கூடும் மூலையில், கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்துப் பலர் உயிரிழந்தனர். இவ்வளவுக்கும் பிறகு, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு முதல் வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியது. வட அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் தடம் அதுதான்.

முதன்மை என்ற பெருமையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. லண்டனில் 1863 முதலும், புடாபெஸ்டில் 1896 முதலும் பூமிக்கடியில் ஓடியவை அந்தச் சுரங்கத்துக்கென்றே அமைந்த ரயில்கள். பாஸ்டனில் கீழே இறங்கியது, புறநகர்த் தெருவில் நின்று நின்று ஆளேற்றி வந்த அதே டிராம். வீட்டு முனையில் ஏறியவர், இடையில் எங்கும் வண்டி மாறாமல், நகரின் நடுவில் இறங்கலாம். அந்தத் தடத்தின் நன்மையும் தொல்லையும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்தே பிறந்தன என்பதுதான் என் எண்ணம்.

தொல்லையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மேற்கிலும் தெற்கிலுமிருந்து வரும் நான்கு கிளைகள் ஒரே சுரங்கத்தில் சேர்கின்றன. அவற்றில் ரிவர்சைடு கிளை, 1959இல் ஒரு பழைய ரயில் பாதையை எடுத்து டிராமுக்கு மாற்றியது. அதற்குத் தெருவின் குறுக்கீடு இல்லை. மற்ற மூன்றும் தெருவின் பிள்ளைகள். பெரும்பகுதி சாலை நடுவே ஒதுக்கிய தடத்தில் ஓடினாலும், ஒவ்வொரு சந்திப்பிலும் சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டும். ஹன்டிங்டன் அவென்யூ கிளையின் கடைசிப் பகுதியிலோ கார்களோடு கார்களாக ஊர்ந்து போக வேண்டும். சந்திப்பில் இரண்டு நிமிடம் தாமதித்த வண்டிக்கு அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடுகிறது. கூட்டம் ஏறுவதற்குள் இன்னும் தாமதம். அதற்குள் பின்னால் வரும் வண்டி காலியாக அதன் வாலைப் பிடித்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தே சுரங்கத்துக்குள் நுழைகின்றன. வெளியில் மழை என்றால், மழை படாத பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் நிற்பவரும் அதன் பலனை அனுபவிக்கிறார். 2021இல் ஒரு கிளையில் நெருக்கமாக இருந்த நான்கு நிறுத்தங்களை இரண்டாக்கினார்கள். இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம் என்பேன். ஆனால், தன் வாசலில் நிற்கும் வண்டியை யார்தான் எளிதில் விட்டுக்கொடுப்பார்?

அப்படியானால் இதை முழு மெட்ரோவாகவே மாற்றியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். மாற்றியும் பார்த்தார்கள். 1901இல், உயர்பாலத்தில் ஓடிய பெரிய ரயில்களை டிரெமான்ட் சுரங்கத்தின் முக்கியப் பகுதிக்குள் விட்டார்கள். 1908இல் அந்த ரயில்களுக்கென வாஷிங்டன் தெருவின் அடியில் தனிச் சுரங்கம் திறந்ததும், பழைய சுரங்கம் டிராமுக்கே திரும்பியது. 1932இல் கென்மோர் நிலையத்தைக் கட்டியபோதும், பிற்காலத்தில் மெட்ரோவாக மாற்ற வசதி வைத்தே கட்டினார்கள். மாற்றம் வரவே இல்லை. மெட்ரோவானால் தெருவிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் சுரங்க வாயிலில் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டுமே!

பாயில்ஸ்டன் நிலையத்தை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. மேலே உள்ள கட்டடங்களைத் தொடாமல், ஒரு தெருவின் அடியிலிருந்து மற்றொரு தெருவின் அடிக்குச் செங்கோணத்தில் திரும்பியாக வேண்டியிருந்ததால், சிறிய வண்டிகளை மனத்தில் வைத்து 1897இல் போட்ட வளைவு அது. வண்டி திரும்பும்போது சக்கரமும் தண்டவாளமும் உரசி எழும் கிறீச்சொலிக்குக் காதைப் பொத்திக்கொள்ளாதவர் அரிது. இந்தத் தடத்துக்கு வரும் வண்டி அந்த வளைவில் ஒடிந்து திரும்ப வேண்டும், சாலையில் சிக்னலுக்கு நிற்க வேண்டும், ரிவர்சைடு கிளையில் ரயில்போல விரையவும் வேண்டும். 1976இல் விமானம் செய்யும் போயிங் நிறுவனம் செய்து கொடுத்த வண்டிகள் கதவுக் கோளாறாலும் தடம்புரள்வதாலும் பெயரைக் கெடுத்துக்கொண்டன. 1999இல் இத்தாலியிலிருந்து வந்த, நடுப்பகுதியில் தாழ்தளம் அமைந்த வண்டிகளும் முதல் சில ஆண்டுகள் தடம்புரண்டு தொல்லை கொடுத்தன.

2022இல் வடக்கே யூனியன் ஸ்கொயருக்கும் மெட்ஃபோர்டுக்கும் தடத்தை நீட்டினார்கள். அதே ஆண்டு, இப்போதுள்ளவற்றைவிட நீளமான 102 புதிய வண்டிகளுக்கு ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்பந்தம் ஆயிற்று. நீண்ட வண்டியை ஏழு துண்டுகளாகப் பிரித்து இடையிடையே மூட்டு வைத்திருக்கிறார்கள். பாயில்ஸ்டன் மூலையில் அது திரும்பியாக வேண்டுமல்லவா?