ஏற்றத்தில் இழுக்காத கெப்

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "ஐயா, கெப் சில நேரம் நன்றாக இழுக்கிறது, சில நேரம் படுத்துவிடுகிறது." வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மறுபடி திறந்தது. முப்பது வயதைத் தாண்டிய கெப்புகள் இன்றும் கோவாவும் கரட்டும் சுமந்துகொண்டு மலை ஏறுகின்றன. அவற்றை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மரக்கறி வியாபாரி வந்தார். கம்பளையிலிருந்து புறப்படும்போது குறை இல்லை. ரம்பொடை தாண்டி லபுக்கலை ஏற்றத்தில் இழுவை மெல்ல மெல்ல இறங்கி, முதல் கியரிலும் வண்டி திணறும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் இருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். டீசல் பம்பைக் கழற்றிச் செய்வித்து, பெரும் பணத்தைக் கொட்டிய பிறகும் அதே கதை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வந்து வந்து போகும் கோளாறுக்கு முதல் வேலையாகப் பம்பைத் திறப்பது தவறு. தேய்ந்த பம்ப் பத்து நிமிட ஓய்வில் குணமாவதில்லை.

நான் முதலில் கேட்டது புகையைப் பற்றி. இழுவை விழும்போது கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை என்று பொருள். காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். அந்த ஏற்றம் போய்ச் சேரும் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இஞ்சின் அங்கே சற்றுச் சோர்வதும் புகைவதும் இயல்பு. ஆனால் அந்தச் சோர்வு ஏறிய உயரம் முழுவதும் கூடவே இருக்கும், நடுவில் வந்து போகாது. இவருடைய வண்டியிலோ புகையே இல்லை. அப்படியானால் பட்டினி டீசலுக்குத்தான்.

அடுத்த கேள்வி: மெல்ல விழுகிறதா, சாவியைத் திருப்பியது போலச் சட்டென்று நிற்கிறதா? சட்டென்று நின்றால் பம்பின் மேலிருக்கும், டீசலை வெட்டும் மின்வால்வான சொலினொய்டுக்குப் போகும் வயரைச் சந்தேகியுங்கள். அந்த வயரிலிருந்து ஒரு சிறிய பல்பை இழுத்து ஓட்டுநருக்கு முன்னால் கட்டிவிட்டால் போதும். வண்டி அடங்கும் கணத்தில் பல்பும் அணைந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

இவருக்கு மெல்லத்தான் விழுந்தது. முதலில் டாங்கியின் மூடியைப் பார்த்தேன். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும். அப்படி எதுவும் இல்லை. பிறகு பில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற குழாயைப் போட்டுவிட்டு, சுமையோடு ஏற்றத்தில் ஓட்டினோம். குமிழி ஓடினால் எங்கோ காற்று நுழைகிறது. இரவில் முகப்பை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் பெரும்பாலும் அதனால்தான், டீசல் டாங்கிக்கே திரும்பி வழிந்துவிடும். எங்கள் குழாயில் குமிழி இல்லை. ஆனால் இழுவை விழுந்த இடத்திலேயே இறங்கி, பில்டர் மேலுள்ள கைப்பம்பை அமுக்கினேன். அமுங்கியது மேலே எழும்பவே இல்லை. டாங்கிப் பக்கத்தில் அடைப்பு!

உறுதி செய்ய ஒரு கானில் சுத்தமான டீசலை வைத்து, குழாயை அதில் விட்டு அதே ஏற்றத்தை மறுபடி ஏறினோம். கெப் ஒரே மூச்சில் மேலே போய்ச் சேர்ந்தது.

டாங்கியை இறக்கினோம். உறிஞ்சு குழாயின் நுனியிலிருந்த சல்லடை முழுவதும் கறுத்த வழுவழுப்பு, துருத்துகள். நீண்ட ஏற்றத்தில் இஞ்சின் நிறைய டீசல் கேட்கும்போது அவை சல்லடையில் அப்பிக்கொள்ளும். நிறுத்தினால் உதிர்ந்து கீழே படியும். அந்தப் பத்து நிமிடத்தின் இரகசியம் அதுதான். 2022 தட்டுப்பாட்டின்போது பரல்களில் டீசல் சேர்த்து வைத்ததாக அவரே சொன்னார். பரலின் அடியில் நீர் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து அந்த வழுவழுப்பை உண்டாக்கும். டாங்கியைக் கழுவி, பில்டர் மாற்றி அனுப்பினேன். பம்பைத் தொடவில்லை.

இந்தக் கோளாறோடு மலைப்பாதையில் ஓடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் நின்றுவிடும். இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பெடல் கல்லாகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியில் அழுத்தி நிறுத்துங்கள். கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் பொனட்டைத் திறக்க வேண்டும். கல்லை வெளியே தேட வேண்டாம். இருக்கைக்குப் பின்னால் இரண்டு மரக்கட்டைகளை இன்றே போட்டு வையுங்கள்.