எருமைக்கு ஒரு பதில்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, கடைசி பஸ் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'பல்கலைக்கழகத் தலைவருக்குப் பெரிதும் வேண்டியது அறிவா, பொறுமையா?' நான் பொறுமைக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அம்மா இறங்கும்போது ஒரு வெடியை வைத்துவிட்டுப் போனார்கள். "பொறுமைதான் தகுதி என்றால் ஓர் எருமையைப் பிடித்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள்!" நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரியும் தட்டினாள், பார்த்தேன்.

அம்மா, எருமை மழையில் நிற்பது பொறுமையாலா? அதற்குச் சரியாக வியர்க்காது. உடம்புச் சூட்டுக்குத் தண்ணீர் பட்டால் சுகம். சுகத்துக்கு நிற்பதைப் பொறுமை என்றால், ஏசி போட்டுத் தூங்குகிறவனைத் தவசி என்பீர்களா? சுட வேண்டும், வலிக்க வேண்டும், ஓடவும் வழி இருக்க வேண்டும். அப்படியும் நிற்கிறான் பாருங்கள், அதுதான் பொறுமை.

அப்படி நின்றவர் கிளார்க் கெர். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 1958 முதல் 1967 வரை பிரெசிடென்ட். நம்ம ஊர்த் துணைவேந்தர் மாதிரி, ஆனால் பல வளாகங்களுக்கும் சேர்த்து ஒருவர். அதற்கு முன்னால் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பேசிப் பழகியவர்.

நிர்வாகத்துக்கு மூன்றே தலைவலி என்பார் அவர். மாணவர்களுக்கு... சரி, குழந்தைகள் இருக்கிறார்கள், காதல் என்று வைத்துக்கொள்வோம். பழைய மாணவர்களுக்கு விளையாட்டு. பேராசிரியர்களுக்கு? கார் நிறுத்த இடம்! நடுவர் சிரிக்கிறார். அவரும் பேராசிரியர்தானே, இன்றைக்கு எங்கே நிறுத்திவிட்டு வந்தாரோ! 1963இல் ஹார்வர்டில் போய் இன்னும் ஒரு படி மேலே போனார் கெர். இன்றைய பல்கலைக்கழகம் என்பது தனித்தனிக் கடை போட்ட பேராசிரியர்கள்; அவர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது பார்க்கிங் குறை ஒன்றுதான் என்றார். கவனியுங்கள் அம்மா, அறிவாளிகளைச் சேர்த்து வைத்தது அறிவு இல்லையாம், பார்க்கிங்காம்!

காரைக் கேலி செய்தவருக்குச் சோதனையும் காரில்தான் வந்தது. 1964 அக்டோபர் 1, அவருடைய பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். வளாகத்துக்குள் அரசியல் வேலை கூடாது என்ற தடையை மீறிய ஓர் இளைஞரைப் போலீஸ் காரில் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா? 32 மணி நேரம்! போலீஸ் காருக்கே பார்க்கிங் கிடைத்துவிட்டது. மாரியோ சாவியோ என்ற மாணவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கூரைமேல் ஏறிப் பேசினார். என்ன மரியாதை பாருங்கள், கார் மிதிபடலாம், அழுக்காகக் கூடாது. மறுநாள் மாணவர்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார் கெர். தடையில் அவர் நிர்வாகத்தின் தப்பும் இருந்தது, நான் மறைக்கவில்லை.

நன்றி கிடைத்ததா? மாணவர்கள் அவரைக் கெடுபிடிக்காரர் என்றார்கள். வலதுசாரிகள் இளகின மனுஷன் என்றார்கள். பெர்க்லியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஓட்டுக் கேட்டு ரொனால்டு ரீகன் கவர்னர் ஆனார். பதவியேற்ற அதே 1967 ஜனவரியில், ரீஜென்ட்ஸ் என்ற ஆட்சிக்குழு கெரை வீட்டுக்கு அனுப்பியது.

எனக்கும் ஒரு தடவை வேலை போனது. அன்றைக்கு என் வாயில் வந்ததை இந்த மேடையில் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். கெர் என்ன சொன்னார்? வந்த மாதிரியே போகிறேன், "ஃபயர்டு வித் என்தூசியாசம்"! பின்வரிசைக்கு எட்டவில்லை போல, இன்னொரு தரம். ஃபயர்டு வித் என்தூசியாசம்! இங்கிலீஷில் 'ஃபயர்டு' என்றால் கனல் மூண்டது என்றும் அர்த்தம், வேலையை விட்டுத் துரத்தியது என்றும் அர்த்தம். வரும்போது உற்சாகம் அவருக்கு, உள்ளே கனன்றது. போகும்போது உற்சாகம் அனுப்பியவர்களுக்கு! எருமை சொல்லுமா இதை?

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே நிமிஷம் ஐயா.

இந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய அம்மா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தொப்பி செய்வது தொழில். பிறக்கப்போகும் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குப் பணம் சேரும்வரை கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவர். பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. தாலி... சரி, அங்கே மோதிரம், அதுகூட ஏறவில்லை. ஊரில் மற்றப் பெண்களெல்லாம் குடித்தனம் போக, இவர் மட்டும் முகம் தெரியாத பிள்ளைகளுக்காகத் தொப்பி தொப்பியாகச் சேர்த்திருக்கிறார். அந்தக் காசின் கனவில் படித்த பிள்ளைதான், 1960இல் கலிபோர்னியாவில் ஒரு திட்டம் வகுக்க முன்னால் நின்றது. பள்ளி முடித்த பிள்ளைகளில் படிப்பில் முதல் எட்டில் ஒரு பங்குக்குப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரி, மிச்சம் அத்தனை பேருக்கும் சமுதாயக் கல்லூரி. வாசலில் வந்து நிற்கும் எந்தப் பிள்ளையும் திரும்பிப் போகக் கூடாது.

எதிரணி அம்மா, நீங்களும் பிள்ளை பெற்றவர்கள். அந்தத் தொப்பிக்காரப் பெண் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த எருமை வசனத்தை இன்னொரு தரம் சொல்லுங்கள் பார்ப்போம்.

வணக்கம்.