பேய் வந்து நின்ற வழக்கு

நடுவர் அவர்களே, அழகர்மலை அடிவாரத்து ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வழக்கில் உண்மையை வெளியே கொண்டு வருவது சாட்சியா, நீதிபதியின் மதியா? நான் மதியின் பக்கம்.

மரியாதைராமன் பேயைக் கெண்டிக்குள் அடைத்தது வெறும் தந்திரம், தீர்ப்பு ஆகாது என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அந்த இடத்தை அவ்வளவு லேசாகத் தாண்டிவிடாதீர்கள். புருஷன் உருவத்தில் பேய் வந்து நிற்கிறது. அதே முகம், அதே குரல். வீட்டு ரகசியம் எதைக் கேட்டாலும் இருவரும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். கட்டிய மனைவியே திகைத்து நிற்கிறாள். அவளைவிடப் பெரிய சாட்சி உண்டா? ஊரில் இருந்த சாட்சியெல்லாம் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

அப்புறம்தான் மரியாதைராமன் கெண்டியை முன்னால் வைக்கிறான். "இதன் மூக்கு வழியாக யார் உள்ளே போகிறாரோ அவரே புருஷன்." நிஜப் புருஷன், "ஐயா, மனுசனால் ஆகிற காரியமா இது?" என்று அழுகிறான். பேய் சர்ரென்று நுழைந்துவிட்டது. அடைத்தான் மூடியை! நல்லவன் தோற்றால்தான் உண்மை தெரியும் என்று கணக்குப் போட்டு ஒரு சோதனை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பேய் தனக்கு எதிராகத் தானே சொன்ன சாட்சி அது. சொல்ல வைத்தது யார்?

பழையனூர் நீலி கதையில் சாட்சிக்கா பஞ்சம்? வணிகன் ஒருவனைப் பழிவாங்க வந்த பேய் அவள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனே தன் புருஷன் என்று சபைக்கு வந்தாள் நீலி. பிள்ளை வணிகனிடம் தாவியது. பெரியவர்கள் கண்ணால் கண்டதை நம்பி அவனை அவளோடு அனுப்பினார்கள். விடிந்தால் பிணம். அவன் உயிருக்குப் பிணையாகக் கொடுத்த வாக்குக்காக 70 வேளாளர்கள் தீயில் இறங்கினார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள்! அந்தப் பிள்ளையைத் துருவிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் மதுரைக்கே வருவோம். சிலம்புதானே கண்ணகிக்குச் சாட்சி என்பார்கள். சரி, அந்தச் சிலம்பு அவள் வழக்குரைக்க வருவதற்கு முன்பே அரண்மனைக்குப் போய்விட்டதே! உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று அவள் வரும்வரை யார் பார்த்தார்கள்? பொற்கொல்லன் பேசி முடித்ததுமே பாண்டியன் அதைக் கேட்டிருந்தால் கோவலன் உயிரோடு மாதரி வீட்டுக்குத் திரும்பியிருப்பான், நடுவர் அவர்களே.